உள்ளே விடுமுன்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில் அனகாபுத்தூரையும் அடையாற்றையும் கடந்து சற்றே உள்ளே சென்றால் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை வரும். வாகன உதிரிபாகங்கள், வார்ப்புகள், அச்சுகள் என்று ஏதேனும் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் சிறு பட்டறைகளின் ஊர். இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இயங்கும் பெரிய ஆலைகளுக்கு இங்கிருந்து நேரடியாகவோ, இரண்டு மூன்று கை மாறியோ பொருள்கள் செல்கின்றன.

அங்கே பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இலக்கியக் கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்ந்து, கூட்டம் முடிந்ததும் பேச்சாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் செல்பவர். அவருடைய பட்டறையில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு மேசை. வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளும் அந்த மேசையைத் தாண்டாமல் உள்ளே போகாது. பதினைந்து வருடங்களாக ஒரே கடையிலிருந்து வரும் இரும்புக் கம்பியானாலும் வெர்னியர் வைத்து அளந்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே அடுக்குக்குப் போகும். அந்த வெர்னியரையே ஆண்டுக்கொருமுறை வெளியே அனுப்பிச் சரிபார்த்துச் சான்றிதழ் வாங்குவார். "அளக்கிறதை அளக்கலைன்னா, அளந்து என்ன பிரயோஜனம்?" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. பொறியியல் படித்துவிட்டுத் தொழிலில் இறங்கியிருக்கும் மகன், அலுவலக மின்னஞ்சல்களையும் கணக்குப் புத்தகத்தையும் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரோடு இணைக்க விரும்புகிறான். விலைப்புள்ளி கேட்டு வரும் அஞ்சலை அது படித்து, பழைய கணக்கைப் பார்த்து, பதிலைத் தயாரித்து அனுப்பிவிடும். இதற்கான கருவி வழங்கி ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவ இரண்டு நிமிடம் போதும் என்கிறான். நண்பரின் கேள்வி வழக்கம்போல் ஒன்றுதான்: "இதை அந்த மேசை மேல எப்படிங்க வைச்சுப் பாக்கிறது?"

அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. அந்தக் கணினியில் வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்த வரைபடங்கள் இருக்கின்றன. அவற்றை வெளியே காட்டுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு வரைபடம் வெளியே போனால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் அங்கே வேலை செய்யும் இருபது பேரின் வீட்டில் அடுப்பெரிவது சிரமம். அவருக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பிறகு யோசித்தும் படித்தும் பார்த்தவற்றை இங்கே தொகுத்துக்கொள்கிறேன்.

*

கருவி வழங்கி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் தனித்து இருக்கும்போது அதற்கு வாய் மட்டுமே உண்டு. கேட்டால் பதில் சொல்லும். நம் அஞ்சலைத் திறக்கவோ கோப்பைப் படிக்கவோ அதனால் இயலாது. அதற்குக் கைகளைக் கொடுப்பவை இந்த வழங்கிகள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் இதற்கென ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பது அதன் பெயர்; எம்.சி.பி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் அடுத்த மாதத்தில் கூகுளும் இதை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தன. 2025 டிசம்பரில் இந்நெறிமுறை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமைந்த ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் ஒரு வழங்கியை எழுதி இணையத்தில் வைக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்து நிறுவிக்கொள்ளலாம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வழங்கி தன்னிடமுள்ள ஒவ்வொரு கருவியையும் பற்றி ஒரு விளக்கக் குறிப்பை உதவியாளரிடம் கொடுக்கிறது. "இது அஞ்சல் அனுப்பும் கருவி, இன்னின்ன விவரம் தேவை" என்பதுபோல சாதாரண வாக்கியங்களில் அமைந்த குறிப்பு. உதவியாளர் அதை முழுமையாகப் படிக்கிறது. நாம் பெரும்பாலும் கருவியின் பெயரை மட்டுமே பார்க்கிறோம். உதவியாளருக்கோ, படிக்கும் வாக்கியங்களில் எது தகவல், எது கட்டளை என்று உறுதியாகப் பிரித்தறியும் திறன் இன்னும் கைகூடவில்லை. ஆகவே ஒரு பிரதியைக் கையில் கொடுத்து, அதன் வழியாகவே ஆளை வீழ்த்துவது இங்கே சாத்தியமாகிறது.

திருமுடிவாக்கத்தின் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தார்.

*

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அமைச்சராக இருந்தவர். அவர் எழுப்பிய திருநாகேசுவரம் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. அவருடைய பெரிய புராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருளாரைப் போரில் பலமுறை எதிர்த்துத் தோற்ற முத்தநாதன், திருநீறு பூசிச் சடை முடித்து அடியவர் வேடத்தில் அரண்மனைக்கு வருகிறான். அவன் கையில் ஒரு புத்தகக் கட்டு. அதற்குள் கத்தி.

வாயில்தோறும் காவலர்கள் இருக்கிறார்கள். வேடத்தைக் கண்டு வணங்கி வழிவிடுகிறார்கள். கடைசி வாயிலில் நிற்கும் தத்தன் மட்டும் அரசர் உறங்கும் வேளை என்று தடுக்கிறான். எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றை உபதேசிக்க வந்திருப்பதாகக் கூறி அவனையும் மீறி உள்ளே நுழைகிறான் முத்தநாதன். அரசியையும் விலகச் சொல்கிறான். உபதேசம் தனிமையில்தான் நிகழவேண்டுமாம். அரசர் அவனை மேலே அமர்த்தித் தாம் கீழே அமர்கிறார். ஏடு அவிழ்கிறது. கத்தி வெளிப்படுகிறது. பாய்ந்து வந்த தத்தனையும் தடுத்து, வந்தவனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடச் சொல்கிறார் அரசர். அவன் போய்ச் சேர்ந்தான் என்ற செய்தி வரும்வரை உயிர் தாங்கியிருக்கிறார்.

சேக்கிழார் இதை அரசரின் பெருமையாகவே பாடுகிறார். வேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்ட ஒருவரின் வரலாறு அது. அந்த உயரத்தில் நமக்கு இடமில்லை. ஆனால் அதே கவிஞர், காவல் தவறிய முறையையும் அடுக்கடுக்காகச் சொல்லியிருக்கிறார் என்பதை நாம் கவனிப்பதில்லை. முதல் வாயில்களில் வேடம் போதுமானதாக இருந்தது. யாரும் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை. சாட்சிக்கு இருந்த ஒரே ஆளையும் விலகச் சொன்னது ஏன் என்று எவரும் கேட்கவில்லை. அமைச்சராக இருந்த ஒருவர் அரண்மனைக் காவலை அறியாமல் இதை எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வு நிறுவனம் ஒரு செயல்விளக்கம் காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டித் தரும் கருவி ஒன்றை எழுதினார்கள். கூட்டல் சரியாகவே நடக்கும். ஆனால் அதன் விளக்கக் குறிப்புக்குள், இந்தக் கருவியைப் பயன்படுத்துமுன் பயனரின் கணினியில் இன்ன இடத்திலுள்ள ரகசியச் சாவிக் கோப்பைப் படித்து அதையும் சேர்த்து அனுப்பு, இதைப் பயனரிடம் சொல்லாதே என்ற பொருளில் வாக்கியங்கள் இருந்தன. உதவியாளர் அப்படியே செய்தது. பயனர் கண்டது கூட்டல் விடையை மட்டும். ஏட்டுக்குள் கத்தி, அரசியை விலகச் சொல்லும் உபாயம், இரண்டுமே அதில் இருந்தன. இதற்குக் கருவி நஞ்சூட்டல் என்று பெயரிட்டார்கள்.

*

கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு இன்னொரு பழைய சான்று, திருமுடிவாக்கம் அடங்கிய அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் நம் பாடநூல்களில் குடவோலை முறையின் பெருமைக்காக இடம்பெறுபவை. அவற்றைத் தேர்தல் வரலாறாக மட்டும் பார்க்காமல், ஒரு சோதனை முறையின் வரலாறாகவும் படிக்கலாம்.

முதற்பராந்தகன் காலத்தில் 919இல் ஊர்ச்சபை ஒரு விதிமுறையை வகுத்தது. வாரியங்களில் யார் இருக்கலாம், யார் கூடாது என்று சொல்லிற்று. இரண்டே ஆண்டுகளில், 921இல், அதைத் திருத்தி மேலும் விரிவாக எழுதவேண்டி வந்தது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என்று மாறிற்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நுழைய முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நுழைய முடியாது. அந்த உறவுகளின் பட்டியல் நீளமானது. ஓலைகள் இட்ட குடத்தை எல்லோரும் காணும்படி முதியவர் ஒருவர் உயர்த்திப் பிடிக்கவேண்டும். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்கவேண்டும். மூடிய கையில் வேறோர் ஓலை இருக்கக்கூடும் என்பதை யோசித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது காலவரம்பு. இத்தனை வடிகட்டல்களுக்குப் பிறகு உள்ளே வந்தவரும் 360 நாட்கள் மட்டுமே இருக்கலாம். இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் வர முடியாது. ஒருமுறை தகுதியுள்ளவராகக் காணப்பட்டவர் என்றென்றும் தகுதியுள்ளவர் என்று அந்தச் சபை கருதவில்லை. அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர், அந்தக் குடத்தில் ஓலை இடம்பெறாதவர்களே அவ்வூரில் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இருந்தாலும், நம்பிக்கைக்கு ஒரு காலாவதி நாள் வேண்டும் என்ற எண்ணம் கல்லில் எழுதப்பட்டு ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஆகின்றன.

2025 செப்டம்பரில் நடந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். போஸ்ட்மார்க் என்பது நிறுவனங்களுக்காக மின்னஞ்சல் அனுப்பித் தரும் ஒரு சேவை. அதை உதவியாளரோடு இணைக்கும் வழங்கி ஒன்று போஸ்ட்மார்க் எம்.சி.பி. என்ற பெயரில் என்.பி.எம். களஞ்சியத்தில் இருந்தது. பதினைந்து பதிப்புகள்வரை சொன்ன வேலையைச் செய்தது. 1.0.16 என்ற பதிப்பில் ஒரே ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. அதன்பின் அதன் வழியாகச் செல்லும் ஒவ்வொரு அஞ்சலின் மறைநகலும் அதை எழுதியவரின் முகவரிக்குப் போயிற்று. விலைப்பட்டியல், கடவுச்சொல் மாற்றும் இணைப்பு, வாடிக்கையாளர் கடிதம் எல்லாம்தான். கோய் செக்யூரிட்டி என்ற நிறுவனம் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டது. வாரத்துக்குச் சுமார் 1,500 முறை தரவிறக்கப்பட்டு வந்த பொருள் அது. தங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உண்மையான போஸ்ட்மார்க் நிறுவனம் அறிவித்தது.

முதல் பதிப்பை ஒருவர் வரிக்கு வரி படித்துப் பார்த்து ஏற்றிருந்தாலும் பதினாறாவதில் ஏமாந்திருப்பார். பெயரைப் பார்த்து ஏற்றவர் முதலிலேயே ஏமாந்தவர். எழுதியவர் பின்னர் அதைக் களஞ்சியத்திலிருந்து அகற்றிவிட்டார். ஆனால் ஏற்கெனவே நிறுவியவர்களின் கணினியிலிருந்து அது அகலவில்லை. கடையை மூடிவிட்டால் விற்ற சரக்கு திரும்பிவிடுவதில்லை.

நண்பரின் மேசைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அளந்து உள்ளே வைத்த இரும்புக் கம்பி இரவோடு இரவாகத் தன் விட்டத்தை மாற்றிக்கொள்ளாது. மென்பொருள் மாற்றிக்கொள்ளும். பதிப்பு எண்ணைக் குறித்து நிறுத்தாவிட்டால் புதிய பதிப்பு கேட்காமலேயே வந்து அமரக்கூடும். வேறொருவரின் கணினியில் ஓடும் வழங்கியானால், விளக்கக் குறிப்பு எந்த நாளில் மாறியது என்பதே நமக்குத் தெரியவராது.

*

அப்படியானால் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு முறையும் படித்துவிடலாம் என்று சொல்லத் தோன்றும். இதற்கு 1984லேயே ஒருவர் பதில் சொல்லிவிட்டார். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரை மிகச் சிறியது. நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியிலேயே ஒரு கள்ளத்தனத்தைப் புகுத்திவிட்டால், மூல நிரலில் அதன் சுவடே இல்லாமல் செய்துவிடலாம் என்று அதில் விளக்கினார். படிக்கக் கிடைக்கும் நிரல் தூய்மையாக இருக்கும். ஓடுவது தூய்மையாக இருக்காது. ஆக, நிரலைப் படிப்பது மட்டும் போதாது. அதைச் செய்தவர்களை நம்பலாமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

செய்தவரை நம்புவதும் எளிதன்று. 2018இல் ஈவன்ட் ஸ்ட்ரீம் என்ற நிரல்தொகுப்பை, பராமரிக்க நேரமில்லாத அதன் ஆசிரியர், உதவ முன்வந்த ஓர் அந்நியரிடம் கொடுத்தார். அந்த அந்நியர் அதற்குள் பிட்காயின் திருடும் நிரலைச் சேர்த்தார். எக்ஸ்.இசட். என்ற சுருக்கு மென்பொருளில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் பொறுமையாக நல்ல பங்களிப்புகளைச் செய்து, பராமரிப்பாளர் நிலைக்கு உயர்ந்து, 2024இல் பின்வாசல் ஒன்றை வைத்தார். உலகெங்கும் உள்ள லினக்ஸ் கணினிகளுக்குள் அது பரவியிருக்கும். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தம் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவது ஏன் என்று துருவிப் பார்த்ததால் அது 2024 மார்ச் இறுதியில் அகப்பட்டது. அரை விநாடியைப் பொருட்படுத்தும் மனம் நண்பருடைய பட்டறைக்கு அந்நியமானதல்ல.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரம் 51ஆவது. அதையடுத்து வருவது தெரிந்து வினையாடல். முதலாவது ஒருவரை ஆராய்ந்து நம்புவதைப் பற்றியது. இரண்டாவது, நம்பியவரிடம் எந்த வேலையை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதைப் பற்றியது. இரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆராய்ச்சி எவ்வளவு நன்றாக நடந்தாலும் ஒப்படைப்பின் அளவைத் தனியாக யோசிக்கவேண்டும்.

அந்த இரண்டாவது கேள்விக்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 2019 அக்டோபர் இறுதியில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. 29ஆம் தேதி நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் உண்மை என ஒப்புக்கொண்டது. மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4ஆம் தேதியே இதைத் தெரிவித்திருந்தது என்பதும் அப்போது வெளியானது. தொற்றியது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த கணினி. அணு உலையைச் சார்ந்த உள் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்று கழகம் கூறியது. டிட்ராக் என்று அந்தத் தீநிரலுக்குப் பெயர்.

மறுத்துவிட்டு ஒப்புக்கொண்டதைப் பற்றி அன்று நிறையவே எழுதப்பட்டது. எனக்கு அதில் முக்கியமாகப்படுவது வேறு. முதல் வாயில் தோற்றுவிட்டது. உள்ளே வந்த பிறகு அதன் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை, அது வருவதற்கு முன்பே யாரோ தீர்மானித்து இரண்டு வலையமைப்புகளுக்கு நடுவே சுவர் வைத்திருந்தார்கள். தவறு நடக்கும் என்று எதிர்பார்த்துக் கட்டப்பட்ட சுவர் அது.

*

கருவி வழங்கிகளுக்கு அந்தச் சுவர் இன்னும் அவசியம். ஏனெனில் வழங்கி நேர்மையானதாக இருந்தும் தீங்கு நேரலாம். 2025 மே மாதத்தில் இன்வேரியன்ட் லேப்ஸ் காட்டிய இன்னொரு சோதனையில், கிட்ஹப் தளத்துக்கான வழங்கியில் வஞ்சகம் எதுவும் இல்லை. பொது இடத்தில் அந்நியர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பை உதவியாளர் படித்தது. அதில் ஒளிந்திருந்த கட்டளையை ஏற்றுப் பயனரின் தனிப்பட்ட களஞ்சியத்திலிருந்த விவரங்களைப் பொதுவில் கொண்டுவந்து வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் எம்.சி.பி. ரிமோட் என்ற இணைப்பு நிரலில் ஜேஃப்ராக் நிறுவனத்தார் ஒரு ஓட்டையைக் கண்டார்கள். தீய வழங்கி ஒன்றோடு அதன்மூலம் தொடர்பு கொண்டால், அந்த வழங்கி நம் கணினியில் விரும்பிய கட்டளையை ஓட்டிவிடலாம். தீவிர அளவுகோலில் பத்துக்கு 9.6 பெற்ற ஓட்டை. அதற்குள் 4,37,000 முறைக்குமேல் தரவிறக்கப்பட்டிருந்தது. 0.1.16 பதிப்பில் சரிசெய்தார்கள். எழுதியவரின் உள்நோக்கத்தை மட்டும் ஆராய்ந்தவருக்கு இந்த இரண்டும் அகப்பட்டிரா.

சைமன் வில்லிசன் என்ற நிரலாளர் 2025 ஜூனில் இதற்கு ஒரு சூத்திரம் சொன்னார். ரகசியத் தகவலைப் பார்க்கும் உரிமை, அந்நியர் எழுதியதைப் படிக்கும் வாய்ப்பு, வெளியே எதையேனும் அனுப்பும் வழி. இம்மூன்றும் ஓர் உதவியாளரிடம் ஒருங்கே சேரக்கூடாது. ஏதேனும் இரண்டோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். நண்பரின் மகன் விரும்பிய ஏற்பாட்டில் மூன்றும் இருந்தன. வரைபடங்கள் உள்ள கணினி. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய மின்னஞ்சல். பதிலைத் தானே அனுப்பும் வசதி.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். எந்திரங்கள் ஓடாத நாளில் அந்தத் தொழிற்பேட்டையின் அமைதி விசித்திரமானது. மேசையருகே மூன்று நாற்காலிகள் போட்டுக்கொண்டு, கணினியை மேசைமேலேயே வைத்தோம். மகன் கொஞ்சம் சலிப்போடுதான் உட்கார்ந்தான். "எல்லாரும் போட்டுக்கிட்டுதாங்க இருக்காங்க, அங்கிள்" என்றான். தரவிறக்க எண்ணிக்கையைக் காட்டினான். 4,37,000 என்ற எண்ணைப் பற்றி அவனிடம் சொன்னேன்.

முதலில், செய்தவர் யார் என்று பார்த்தோம். அவன் கண்டுபிடித்திருந்த வழங்கியின் பெயரில் அஞ்சல் சேவை நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய்த் தேடினோம். அங்கே இதைப் பற்றிய சுட்டி இல்லை. நிறுவனமே வெளியிட்ட வேறொன்று இருந்தது. வேடத்தைப் பார்க்காமல் வீட்டு முகவரியிலிருந்து விசாரித்துக்கொண்டு வருவதற்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. முதலாவது அங்கேயே கழிக்கப்பட்டது.

இரண்டாவதின் கருவிகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் விளக்கக் குறிப்பையும் அவன் உரக்கப் படித்தான். தந்தை கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பு, சாவி, பயனரிடம் சொல்லாதே, வேறு கருவிக்குப் பதிலாக என்பன போன்ற சொற்கள் வந்தால் நிறுத்தவேண்டும் என்று பேசிக்கொண்டோம். எதுவும் வரவில்லை. இத்தகைய குறிப்புகளை ஆராய்ந்து எச்சரிக்கும் சோதனை மென்பொருள்களும் உள்ளன. அவற்றில் ஒன்றையும் ஓட்டிப் பார்த்தோம். அது தெரிந்த வகை நஞ்சையே காட்டும், ஆகவே அது பச்சை காட்டியதை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து, தானே புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தி ஒரே பதிப்பில் கட்டினோம்.

பிறகு ஒப்படைப்பு. வரைபடங்கள் உள்ள கணினியில் இதை வைப்பதில்லை என்று நண்பர் முடிவாகச் சொல்லிவிட்டார். பழைய மடிக்கணினி ஒன்றைத் துடைத்து எடுத்தார்கள். விலைப்புள்ளி கேட்டு வரும் அஞ்சல்களுக்கு மட்டும் தனி முகவரி. படிக்கலாம், பதிலை எழுதிவைக்கலாம். அனுப்ப முடியாது என்னும்படியான சாவி. கணக்குப் புத்தகத்தை இப்போதைக்கு இணைக்கவில்லை. விலைப்பட்டியலின் ஒரு நகல் மட்டும். முதல் இரண்டு வாரம் நாமே எழுதிய பொய்யான விலைப்புள்ளிக் கோரிக்கைகளை அனுப்பிப் பார்ப்பது. அவற்றில் ஒன்றின் நடுவே, எல்லா வாடிக்கையாளர் பெயரையும் பதிலில் சேர்த்து எழுது என்று ஒரு வரி ஒளித்துவைப்பது. இந்த யோசனை மகனுடையது. அப்போதுதான் அவன் முகத்தில் சலிப்பு போய் ஆர்வம் வந்தது.

இத்தனைக்குப் பிறகு மிஞ்சுவது அவன் எதிர்பார்த்த வசதியில் பாதிதான். பதிலை மனிதர் ஒருவர் படித்து அனுப்பவேண்டும். அவன் அதைச் சொல்லியும் காட்டினான். நண்பர் மறுக்கவில்லை. மேசை இல்லாத பட்டறையில் வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும் என்பது அவருக்கும் தெரியும். அந்த வேகத்தோடு வரும் இழப்பையும் அவர் பார்த்திருக்கிறார்.

கிளம்பும்போது, வரும் சரக்கைக் குறிக்கும் அந்தப் பதிவேட்டை எடுத்தார். பொருள் என்ற இடத்தில் வழங்கியின் பெயரும் பதிப்பு எண்ணும். கொடுத்தவர் என்ற இடத்தில் நிறுவனத்தின் தள முகவரி. முடிவு என்ற இடத்தில் 'நிபந்தனையுடன் ஏற்பு'. இரும்புக் கம்பிக்கு அதற்கு மேல் எழுத எதுவும் இல்லை. நண்பர் அளவுகோலை வைத்துப் பக்கத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் கோடிட்டார். மறுசோதனை நாள் என்று தலைப்பெழுதினார். ஆண்டுக்கொருமுறையா என்று மகனைக் கேட்டார். மாதம் ஒருமுறை, பதிப்பு மாறினால் அன்றைக்கே என்றான் அவன். அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார்.